நாலு கிலோ அறுநூறு கிராம்

"ஆமாம் தம்பி, கனமா இருந்தா சஸ்டெயின் நல்லா இருக்கும்."

என் பழைய பேஸ் கிட்டாரை வாங்க வந்த ஒரு பையனிடம் இந்த ஒரு வரியை நான் சொல்லி ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. சஸ்டெயின் என்றால் மீட்டிய சுரம் எவ்வளவு நேரம் நீண்டு ஒலிக்கிறது என்பது. யாரும் என்னிடம் கேள்வி கேட்கவில்லை, வாங்கியவன் திரும்பி வந்து சண்டை போடவில்லை, காசும் செலவாகிவிட்டது. ஆனாலும் பேஸ் கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டும்போதெல்லாம் அந்த வரி ஒருமுறை வந்து போகிறது. பழைய கிட்டார் வாங்கி விற்கிற உலகத்தில் இதைவிடப் பெரிய பொய்களைத் தினமும் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். சொல்லப்போனால் அந்தப் பொய்களைப் பற்றி மற்றவர்களிடம் அதிகம் புலம்பியவனே நான்தான். அதுதான் விஷயம்.

நான் 1994லிருந்து 2003 வரை ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தேன், பாட்டுக்கு அடியில் ஓடுகிற தாழ்ந்த சுரங்களைத் தருகிற நாலு கம்பிக் கிட்டார். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா. ராஜா பாட்டு வாசிக்கிற பேஸிஸ்டுக்கு மூச்சு விட நேரம் இருக்காது என்பது வாசித்தவர்களுக்குத் தெரியும், இளையராஜாவின் பேஸிஸ்ட் சசி அங்கே சாதாரணமாகப் போட்டுவிட்டுப் போன ஓட்டத்தை நாங்கள் ஒரு வாரம் கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பிடிப்போம். அப்புறம் குழுவில் செலவைக் குறைக்க வேண்டி வந்தபோது முதலில் கழன்றது பேஸ்தான். கீபோர்டுக்காரர் இடது கையால் சமாளித்துக்கொள்வார் என்றார்கள். சமாளித்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அதுதான் அன்றைக்கு ரொம்ப வலித்தது. பேஸை ஆறாயிரத்துக்கு விற்றுவிட்டு, இன்சூரன்ஸ் வேலைக்குப் போய், இருபது வருடம் ஓடிவிட்டது.

மகள் வெளியூரில் கல்லூரியில் சேர்ந்தபோது வீட்டில் ஒரு அறை காலியானது. எனக்கு 49 வயது. காலி அறை ஆபத்தானது. இரண்டே வாரத்தில் 27,000 ரூபாய் கொடுத்து, 70களின் பாணியில் செய்த, ஜாஸ் பேஸ் என்கிற மாடலில் ஒன்றை வாங்கிவிட்டேன். யார் தயாரிப்பு என்பது வேண்டாம், அதன் மேல் தப்பு இல்லை. பார்க்க அவ்வளவு அழகு. மேப்பிள் மரத்தில் நெக், அதாவது கம்பிகள் ஓடுகிற நீண்ட கழுத்து, அதில் கறுப்புக் கட்டைகள் பதித்தது. இளைஞனாக இருந்தபோது இசைக்கருவிக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி, அந்த மாதிரி பேஸை அன்று தொட்டதுகூட இல்லை. வாங்கும்போது எத்தனை கிலோ என்று கேட்கத் தோன்றவே இல்லை.

தோள் கேட்டது

நாற்பது நிமிடம். முதல் நாள் நின்று வாசித்ததில் நாற்பதாவது நிமிடம் இடது தோளில் ஏதோ எரிந்தது. மறுநாள் கழுத்து திரும்பவில்லை. வெட்கத்தோடு டாக்டரிடம் போனேன். அவர் "நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி குனிஞ்சு உக்காந்துட்டு, சாயந்திரம் ஒரு பக்கத் தோள்ல மட்டும் மூட்டைய மாட்டினா அது என்ன செய்யும்?" என்றார். அவர் மூட்டை என்று சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வீட்டுக்கு வந்து, மகளை விமானம் ஏற்றிவிடும்போது வாங்கின கொக்கி வைத்த லக்கேஜ் தராசில் ஸ்ட்ராப்போடு தொங்கவிட்டுப் பார்த்தேன். நாலு கிலோ அறுநூறு கிராம். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "பொறந்தப்போ உன் பொண்ணு ரெண்டே முக்கால்" என்றாள்.

இளமையில் வாசித்த பேஸ் எத்தனை கிலோ இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதுவும் நாலரை இருந்திருக்கலாம். மூன்று மணிநேரக் கச்சேரி முடிந்து, அதை முதுகில் போட்டுக்கொண்டு டெம்போவில் ஏறி, ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டே ஊர் திரும்பியிருக்கிறேன். எடை என்று ஒன்று இருப்பதே இருபது வயதில் தெரியாது.

அங்கிருந்து ஒரு பைத்தியம் பிடித்தது. ஃபெண்டர் என்கிற அமெரிக்கக் கிட்டார் கம்பெனி தன் முதல் பிரிசிஷன் பேஸை 1951ல் கொண்டுவந்தது, ஜாஸ் பேஸ் 1960ல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை உலகத்தில் செய்கிற பேஸ்களில் பெரும்பாலானவை அந்த இரண்டின் பிள்ளைகள்தான். 34 அங்குல ஸ்கேல் (ஒலிக்கிற கம்பியின் நீளம்), ஒரு பலகை, நாலு கம்பி. ஆனால் பலகை எந்த மரம் என்பதில்தான் கிலோக்கள் ஒளிந்திருக்கின்றன. ஆஷ் மரத்திலேயே இரண்டு சாதி உண்டு. மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் சதுப்பில் வளர்கிற ஆஷ் லேசு, காய்ந்த மேட்டில் வளர்கிற வடக்கத்தி ஆஷ் இரும்பு மாதிரி. 70களில் ஃபெண்டர் இந்தக் கனமான ரகத்துக்குப் போனதால்தான் அந்தக் காலத்துப் பேஸ்கள் முதுகை ஒடிப்பவை என்று பெயர் வாங்கின. அந்த லேசான சதுப்பு ஆஷும் இப்போது அரிதாகிவிட்டது. ஆற்று வெள்ளத்தால் மரம் வெட்ட முடிவதில்லை, போதாக்குறைக்கு ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று அமெரிக்க ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருக்கிறது. 2020ல் ஃபெண்டரே இனி பெரும்பாலான மாடல்களில் ஆஷ் கிடையாது என்று அறிவித்துவிட்டது. நம் ஊர்ப் பூவரசையும் பலாவையும் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது, ஆனால் மிசிசிப்பி ஆஷ் பற்றி ராத்திரி ஒரு மணி வரை படித்துக்கொண்டிருந்தேன்.

கொடுமை என்னவென்றால், ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் எல்லாம் லேசாகிவிட்டது. ஒரு காலத்தில் இரண்டு பேர் தூக்கின ஆம்பின் வேலையை இன்று கிளாஸ் டி என்கிற வகை ஆம்ப் இரண்டு மூன்று கிலோவில் செய்கிறது. ஸ்பீக்கரில் நியோடைமியம் காந்தம் வந்து பெட்டியின் எடையும் குறைந்துவிட்டது. தோளில் மாட்டுகிற மரம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதுவும் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள்.

லைட் வெயிட் சார்

பழைய பேஸ் விற்கிறவர்கள் எல்லாவற்றையும் எழுதுவார்கள். பிக்கப் மாற்றியது, கம்பி புதுசு, கீறல் ஒன்றே ஒன்று, வெளிநாட்டில் இருந்த மாமா கொண்டுவந்தது, பணம் அவசரம். எடையை மட்டும் எழுதமாட்டார்கள். கேட்டால் "லைட் வெயிட் சார்" என்று பதில் வரும். எத்தனை கிலோ என்று மறுபடி கேட்டால் பேச்சு நின்றுவிடும். இன்னும் சிலர் கோபப்பட்டார்கள். "காய்கறியா வாங்குறீங்க?" என்று ஒருவர் கேட்டார், அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

நல்ல மனசுக்காரர்கள் சிலர் குளியலறைத் தராசில் ஏறி நின்று, பிறகு பேஸோடு ஏறி நின்று, கழித்துச் சொன்னார்கள். அந்தத் தராசில் அரை கிலோ முன்னே பின்னே காட்டும். சிக்கல் என்னவென்றால், லேசான பேஸுக்கும் கனமான பேஸுக்கும் நடுவில் இருப்பதே அந்த அரை கிலோதான். மூன்றரையிலிருந்து மூன்றே முக்கால் வரை என் தோள் ஒன்றும் சொல்லாது. நாலைத் தாண்டினால் பேச ஆரம்பித்துவிடும். ஒரே மாடல், ஒரே வருடம், பக்கத்துப் பக்கத்தில் மாட்டிவைத்த இரண்டு பேஸில்கூட அந்த அளவு வித்தியாசம் வரலாம், ஏனென்றால் மரத்துக்கு மாடல் நம்பர் தெரியாது.

இரண்டாவதாக வாங்கியது கோயம்புத்தூரிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் வந்தது. விற்றவர் சத்தியம் செய்யாத குறையாக லேசு என்றார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயம்பேட்டில் வாங்கிக் கையில் தூக்கியதுமே தெரிந்துவிட்டது. 4.2 கிலோ. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு அது லேசாக இருந்திருக்கும், வயசு இருபத்தி நாலு. அதை டிசம்பர் வருவதற்கு முன்னால் சர்ச்சில் வாசிக்கிற ஒருவரிடம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் நஷ்டத்தில் தள்ளிவிட்டேன். சென்னையில் பழைய பேஸ் விற்கவேண்டுமானால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் விற்றுவிடுங்கள் என்பேன். மெல்லிசைக் குழுக்கள் எங்களைக் கைவிட்ட பிறகும் இந்த ஊரில் பேஸ் வாத்தியத்தை உயிரோடு வைத்திருப்பவை சர்ச்சுகள்தான். எனக்குத் தெரிந்த நல்ல இளம் பேஸிஸ்டுகளில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசிக்கிறவர்கள்.

மூன்றாவது, வயலின் வடிவத்தில் உள்ளே கூடாக இருக்கிற பேஸ். ஜெர்மன் கம்பெனி ஹோஃப்னர் 1950களில் செய்து, பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961ல் ஹாம்பர்க்கில் வாங்கி, உலகமெல்லாம் பரவின வடிவம். என்னுடையது அதன் ஏழை நகல். 30 அங்குல ஸ்கேல்தான், எடை 2.6 கிலோ. தராசில் பார்த்ததும் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விட்டேன், ஹெட்ஸ்டாக், அதாவது கிட்டாரின் தலைப்பகுதி, தரையைப் பார்த்துச் சரிந்தது. உடல் காலி, தலையில் சுருதி கூட்டுகிற நாலு இரும்புச் சாவிகள், வேறென்ன ஆகும்? அது விழாமல் இருக்க இடது கை முழு நேரமும் தாங்கிக்கொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் தோள்வலி போய்க் கட்டைவிரல் அடியில் வலி வந்தது. தோளுக்கு வலித்தால் பேஸை இறக்கிவைத்துவிடலாம். கைக்கு வலித்தால் வாசிப்பே போச்சு.

நான் இத்தனை மாதம் தேடிக்கொண்டிருந்த எண் தப்பான எண் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜாஸ் பேஸின் மேல் கொம்பு நீண்டு, ஸ்ட்ராப் பொத்தான் கிட்டத்தட்ட பன்னிரண்டாவது ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை வருகிறதே, அது அழகுக்காக இல்லை. எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே உட்காருகிறது என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு. அகலமான, உட்பக்கம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் ஒன்று போட்டால், லேசான சாவிகளாக மாற்றினால், ஓரளவு சரியாகும். ஆனால் எட்டாயிரம் ரூபாய் பேஸுக்கு ஏழாயிரம் ரூபாய்க்குச் சாவி வாங்குவது என்ன புத்தி? அதை விற்கும்போது விளம்பரத்தில் முதல் வரியிலேயே எழுதினேன்: தலை சாயும். வாங்க வந்தவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ரெக்கார்டிங் மட்டும் செய்கிறவர். "உக்காந்துதானே வாசிக்கப் போறேன், எங்க சாயும்?" என்று சொல்லி, பேரம்கூடப் பேசாமல் வாங்கிப் போனார். உண்மையைச் சொன்னாலும் விற்கும் என்று அன்றைக்கு ரொம்ப மிதப்பாக இருந்தேன்.

அரக்கோணத்துப் பையன்

நாலாவதாக ஐபனீஸ் கம்பெனியின் எஸ்ஆர் மாடல் ஒன்று கிடைத்தது. 1987லிருந்து வருகிற வரிசை, மெலிந்த உடல், ஓரமெல்லாம் வளைத்துச் செதுக்கியது, நெக் ஒல்லி. தாம்பரத்தில் விற்றவர் வீட்டுக்கே தராசோடு போனேன். 3.5. கையை விட்டால் அப்படியே நின்றது. சென்னைக் காற்றின் ஈரத்தில் நெக் கொஞ்சம் வளைந்து கம்பி உயரமாக இருந்தது, நெக்குக்குள் இருக்கிற ட்ரஸ் ராட் என்கிற இரும்புக் கம்பியைக் கால் சுற்று முறுக்கியதும் சரியாகிவிட்டது. அழகில் ஜாஸ் பேஸுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் ஒன்றரை மணிநேரம் நின்று வாசித்துவிட்டு மறுநாள் கழுத்தைத் திருப்ப முடிந்தது.

அதற்குக் கொடுத்த பணத்தை ஈடுகட்ட முதல் பேஸை, அந்த 4.6ஐ, விற்க வேண்டியிருந்தது. கொள்கைப்படி விளம்பரத்தில் எடையை எழுதினேன். மூன்று வாரம். பதினோரு பேர் விசாரித்தார்கள், எடையைப் படித்ததும் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஒருவர் மட்டும் "சொல்லியிருக்கத் தேவையில்லை, எனக்கு வாங்க ஆசையாத்தான் இருந்தது" என்று எழுதினார். நாலாவது வாரம் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை, பொய்யாக எதையும் சேர்க்கவில்லை, ஒரு வரியை எடுத்தேன், அவ்வளவுதான் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமையே அரக்கோணத்திலிருந்து ஒரு பையன் ரயிலேறி வந்தான், கூட ஒரு நண்பன். இன்ஜினியரிங் கடைசி வருடம். இரண்டு வருடமாக நண்பனின் பேஸில் வாசித்துக்கொண்டிருந்தவனுக்கு முதல் சொந்தப் பேஸ். சுவரில் சாய்த்துவைத்திருந்ததைப் பார்த்ததும் முகம் மாறியதை நான் பார்த்தேன், 1994ல் கடைக் கண்ணாடியில் தெரிந்த முகம் அது. தூக்கினான். "சார், செம வெயிட்டு!" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நண்பன் என்னைப் பார்த்தான். அப்புறம் அந்தப் பையனே எனக்கு ஒரு வழியைத் திறந்து வைத்தான்: "வெயிட்டா இருந்தா சஸ்டெயின் நல்லா இருக்கும்னு சொல்வாங்களே, கரெக்டா சார்?"

நான் சொன்ன பதிலை முதல் வரியில் எழுதிவிட்டேன்.

நான் அதை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் தெரியும். மீட்டிய கம்பி எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நெக் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பது. நெக் ஒரு குறிப்பிட்ட சுருதியில் தானும் சேர்ந்து ஆடினால், கம்பியின் சக்தியை அதுவே தின்றுவிடும், அந்த இடத்தில் சுரம் பொத்தென்று செத்துவிழும். ஜாஸ் பேஸ் குடும்பத்தில் இது ஜி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஏழாவதுக்குள் எங்காவது இருப்பது ஊரறிந்த ரகசியம். 1980களின் தொடக்கத்தில் ஸ்டைன்பெர்கர் என்கிற அமெரிக்க வடிவமைப்பாளர் தலையே இல்லாமல், உடலும் ஒரு சின்னக் கட்டை அளவுக்கு, கிராஃபைட்டில் பேஸ் செய்தபோது, அந்தச் சின்ன உடம்பில் ஒவ்வொரு சுரமும் ஒரே சீராக நீண்டது என்பதுதான் எல்லோரையும் அசத்தியது. உடலைக் கனமாக்கி அவர் அதைச் சாதிக்கவில்லை. நான் விற்ற 4.6 கிலோ பேஸில் ஜி கம்பி ஆறாவது ஃப்ரெட் செத்த இடம். வாங்கின முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன், அந்தச் சுரம் வந்தால் டி கம்பியில் பதினோராவது ஃப்ரெட்டுக்குப் போய் வாசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பையன் வாசித்துப் பார்த்தபோது அவன் விரல் ஐந்தாவதில் நின்றது, ஏழாவதுக்குப் போனது, ஆறைத் தொடவே இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தி நாலாயிரம் கொடுத்தான், பாதி ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், மீதி நண்பன் கைப்பேசியிலிருந்து. கடைசியில் என் பழைய அகல ஸ்ட்ராப்பையும் சும்மா கொடுத்தேன். தாராளம் என்று அவன் நினைத்திருப்பான்.

இதை நண்பரிடம் சொன்னபோது, "அவனுக்கு இருபத்தி ஒண்ணு, எட்டு கிலோவக் கூடத் தூக்குவான், இதுல என்ன?" என்றார். சரிதான். அந்தப் பேஸ் அவன் தோளுக்குக் கனமே இல்லாமல் இருக்கலாம். அவன் எடையைப் பற்றிப் புகார் சொல்லவும் இல்லை, அது தெரிந்துதான் வாங்கினான். ஆனால் அவன் கேட்டது எடை இல்லையே, சஸ்டெயின். எனக்குத் தெரிந்த ஒன்றை, தெரிந்தவர் என்று நினைத்து என்னிடம் கேட்டான். "ஆறாவது ஃப்ரெட்டத் தொட்டுப் பாரு தம்பி, அது எல்லா ஜாஸ் பேஸ்லயும் இருக்கும், பயப்படாத" என்று நான் சொல்லியிருந்தால் அநேகமாக அவன் அப்போதும் வாங்கியிருப்பான். அவன் முகத்தைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அதனால்தான் உறுத்துகிறது. அந்தப் பொய்க்கு வேலையே இல்லை.

இரண்டு முறை அவன் எண்ணை எடுத்துப் பார்த்தேன். ஒன்றரை வருடம் கழித்துக் கூப்பிட்டு என்ன சொல்வது? உன் கிட்டாரில் ஒரு சுரம் சரியில்லை என்றா?

போன வாரம் அதே பேஸ் மறுபடி விற்பனைக்கு வந்திருந்தது. அதேதான். பிக்கார்டுக்குப் பக்கத்தில் நகம் அளவு பெயிண்ட் போன இடம் நான் மேசையில் இடித்தது. விற்பவர் வேறு யாரோ, ஊர் வேலூர், ஆகவே நடுவில் ஒரு கையாவது மாறியிருக்கிறது. விலை இருபத்தி ஆறாயிரம் போட்டிருந்தார். படங்களில் என் ஸ்ட்ராப் அப்படியே இருந்தது. நான் வேறு ஒரு எண்ணிலிருந்து, எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"வெயிட் நார்மல்தான் ப்ரோ. சாலிட் பாடி, அதனால சஸ்டெயின் வேற லெவல்."

ஜி கம்பி ஆறாவது ஃப்ரெட்டை வாசித்துப் பார்த்தீர்களா என்று தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.